எரிந்த பெருக்கியும் மன்றப் பதிவேடும்

தையல் மிஷின் பழுதுபார்க்கும் பெண்ணுக்கு ரேடியோ எதற்கு என்று, பொழுதுபோக்காகத் தாங்களே ஒலிபரப்பிப் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோ மன்றத்தில் கேட்டார்கள். அவள் உரிமத் தேர்வில் தேறி, மன்றத்துக்கு ஒரு சின்னப் பெருக்கியையும் தன் கையால் செய்து கொடுத்தாள். அதற்கு ஐந்து வாட் கொடுத்தால் ஐம்பதாக்கித் தரும்; ஐந்துக்கு மேல் போனால் தாங்காது. மன்றத்து ரேடியோவோ நூறு வாட் கக்கும் முரடு. அதனால் இரண்டுக்கும் நடுவே மின்தடைகள் அடைத்த ஒரு பெட்டியை வைத்தாள். வருவதில் இருபதில் ஒரு பங்கை மட்டும் விட்டு, மிச்சத்தைச் சூடாக்கித் தீர்த்துவிடும் பெட்டி அது.

செயலாளருக்கு அந்தச் சூடு பொறுக்கவில்லை. பவரெல்லாம் வீணாகிறதே என்று பெட்டியைக் கழற்றிவிட்டு, ரேடியோவின் குமிழை ஐந்துக்குத் திருப்பிப் பேசும் பொத்தானை அழுத்தினார். பெருக்கி புகைந்தது. பழியோ அவள் தலையில் விழுந்தது. இனி அவள் மன்றக் கருவி எதையும் தொடக் கூடாது என்று தீர்மானமே எழுதி வைத்துவிட்டார்கள்.

ஞாயிறு காலைக் கூட்டத்தில் செயலாளர் சொன்னார்: "உன் சாலிடரிங் சரியில்லம்மா. நான் அஞ்சுலதான் வச்சேன்."

"அஞ்சுலயே வைங்க சார். ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவுல இந்த மீட்டர் மட்டும் இருக்கட்டும்."

அவள் கொண்டுவந்த மீட்டர், கண நேர உச்சத்தையும் பிடித்து நிறுத்திக் காட்டும். செயலாளரே பொத்தானை அழுத்தினார். தொண்ணூறு வாட். மறுபடி அழுத்தினார். எண்பத்தெட்டு. தன்னை அடக்கிக்கொள்ளும் முன், முதல் கணத்தில் அந்த ரேடியோ முழு பலத்தோடு பாய்கிறது.

மன்றத் தலைவர் கனைத்தார். "சரி விடும்மா, அவர் பெரியவர். தீர்மானத்தை அடிச்சிடறோம். பழைய டிரான்சிஸ்டர், எரிஞ்சிடுச்சுன்னு பதிவேட்டுல எழுதிக்கலாம். நீ ரிப்பேர் பண்ணிக் குடு."

"வயசுக்கு மரியாதை தரேன் சார். பொய்க்கு எதுக்குத் தரணும்?"

பழி சுமத்தும்போது பெயரைச் சொல்லிச் சுமத்துவார்கள். பிழை தங்களுடையது என்றால் டிரான்சிஸ்டருக்கு வயதாகிவிடும். எத்தனை அலுவலகங்களில் இதைப் பார்த்தாயிற்று.

புதன்கிழமை செயலாளர் பதிவேட்டோடு அவள் கடைக்கு வந்தார். 'பெட்டி இல்லாததால் எரிந்தது' என்று எழுதியிருந்தார்.

"பெட்டி தானா எழுந்து நடந்து போச்சா சார்?"

கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். பிறகு தையல் மிஷின் மேசைமேல் பதிவேட்டை வைத்து, 'என்னால் கழற்றப்பட்டது' என்று சேர்த்துக் கையெழுத்திட்டார்.

அவள் இருமுறை படித்தாள். "பெருக்கிய எடுத்துட்டு வாங்க. பெட்டியையும்."