வேல்சாமி அண்ணன் கடையைச் சுத்தம் செய்த கதை

செத்துப்போன புருஷனின் குரல் வேண்டும் என்று முருகலட்சுமி வந்து நிற்கும்வரை, வேல்சாமி அண்ணனுக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்றுமே இல்லை. கமுதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்டுடியோ. சுற்றுப்பட்டு ஊர்களின் காதுகுத்து, கல்யாணம் எல்லாம் இருபது வருடமாக அவர் கேமராவில்தான். பக்கத்துக் கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் எனக்கும் அவர்தான் தொழில் சொல்லிக்கொடுப்பார், நான் கேட்காமலே.

போன வருடம் எல்லா வீடியோவையும் சேர்த்து வைக்க ஒரு பெட்டி வாங்கினார். உள்ளே இரண்டு டிஸ்க். கடையின் மூன்று கம்ப்யூட்டரிலிருந்தும் கேபிள் வழியாக அதற்குள் போய் வரலாம். மாட்டும் முன்பே சொன்னேன்.

"அண்ணே, ரெண்டு டிஸ்க்கும் எப்பவும் ஒண்ணுபோலதான் இருக்கும். ஒண்ணு கெட்டா இன்னொண்ணு காப்பாத்தும். ஆனா நீங்களா எதையும் அழிச்சா ரெண்டுலயும் போயிரும். தனியா ஒரு நகல் எடுத்து வீட்டுல வைங்க."

"ஏலே நாகேந்திரா, அதான் ரெண்டு இருக்குல்ல. மூணாவது எதுக்கு? ஒனக்கு யாவாரம் ஆகணும், அதுக்கு இம்புட்டுப் பாடமா?"

நானும் மானஸ்தன் இல்லையா? வாயை மூடிக்கொண்டு மாட்டிக்கொடுத்தேன். டீ வாங்கித் தந்தார், குடித்தேன்.

ஆயுத பூஜை வந்தது. ஊரெல்லாம் கடையைக் கழுவித் துடைத்தது. அண்ணன் ஒருபடி மேலே போய்ப் பெட்டியையும் சுத்தம் செய்தார். பழைய குப்பையை வைத்துக்கொண்டு சாமி கும்பிடக் கூடாதாம். முதல் டிஸ்க்கைத்தான் காலி செய்கிறோம், இரண்டாவதில் எல்லாம் பத்திரமாக இருக்கும் என்ற ஞானத்தோடு, பழைய வருடங்களை மொத்தமாக அழித்தார். பிறகு பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்துச் சூடம் காட்டினார்.

தை மாதம் முருகலட்சுமி வந்தாள். மிளகாய்க் காட்டில் பாடுபட்ட அவள் புருஷன் முனீஸ்வரன் இறந்து ஒரு மாதம். பல வருடம் முன்பு அண்ணன் எடுத்த மகள் காதுகுத்து வீடியோவில் மட்டும்தான் அவன் பேச்சு இருக்கிறது. வீட்டிலிருந்த சிடி கீறிப் பாழாகிவிட்டது.

"அதுக்கென்ன, இன்னொரு டிஸ்க்ல இருக்கு" என்று அண்ணன் என்னைக் கூப்பிட்டார். திறந்து பார்த்தேன். பழைய வருடங்கள் இரண்டிலும் ஒன்றுபோல் சுத்தமாகப் போயிருந்தன. அழிந்ததை மீட்க இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். அந்த இடத்தில் புதுக் கல்யாணங்கள் வந்து உட்கார்ந்திருந்தன.

"அந்தப் பொட்டி ஏண்ணே இப்பிடிச் செஞ்சது?" என்று கேட்டாள் முருகலட்சுமி.

வேறு நாளாக இருந்தால் கரண்டையோ கம்பெனியையோ என்னையோ திட்டியிருப்பார்.

"அது தப்பு செய்யல தாயி. நான் சொன்னதத்தான் செஞ்சது. இவன் சொன்னத நாந்தான் கேக்கல."

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை மாதம் காத்திருந்தேன். கேட்டபோது வெட்கமாக இருந்தது. ரோஷத்தை விட்டு இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். நானே ஒரு நகல் எடுத்தும் வைத்திருக்கலாம்.

"பிள்ளையப் பேரு சொல்லிக் கூப்புடுவாருண்ணே. அது மட்டுமாச்சும் இருக்குமா?" என்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். பொட்டு இன்னும் அழியாமல் இருந்தது.