மூன்று நிமிடத் தம்பி

நேற்று அஜின்கோர்ட் பிளாசாக் கடையொன்றில் பாஸ்போட்டைப் போட்டோக்கொப்பி எடுக்கப் போனேன். சூடான கடதாசியின் மணம் என்னைத் தொண்ணூறுகளுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. பகிடி என்னவென்றால், முதலில் ஞாபகம் வந்தது படிப்பு அல்ல, பொறாமை.

அப்போது இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து கொஞ்சக் காலம்; ஸ்காபரோவில் ஒரு சமூகக் கல்லூரியில் மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாகாணத்திலுள்ள இத்தகைய கல்லூரிகளுக்காக அரசோடு வாதாட ஒரு சங்கம் இருந்தது. அரசு உதவி குறைந்தால் முதலில் மாலை வகுப்புகளைத்தான் மூடுவார்கள் என்று போட்டோக்கொப்பி எடுத்துக் கடிதம் கடிதமாக அனுப்புவோம். எங்கள் கிளையில் இரண்டு வருடம் முத்திரை நக்கி ஒட்டியவன் நான்தான், நம்புங்கள்.

வருடத்துக்கொரு முறை சங்கத்தார் பஸ் பிடித்து மாகாணப் பாராளுமன்றத்துக்குப் போவார்கள். கல்லூரிக்கு ஒரு மாணவர் அங்கே மூன்று நிமிடம் தன் கதையைச் சொல்லலாம். ஒத்திகையில் யார் கதைக்குக் கண் கலங்குகிறதோ அவருக்கே அந்த இடம்.

நான் அண்ணனின் ஸ்பொன்சரில் விமானமேறிச் சொகுசாக வந்திறங்கியவன். என் கதையில் அழ என்ன இருக்கிறது? என்னோடு படித்த வசந்தனோ சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் ஏழு பேரோடு ஓர் அறையில் இருந்தான். உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு நேரே வகுப்புக்கு வருவான். ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வரும் வழியில், ஏதோ ஓர் எல்லையில், தம்பியைப் பனிக்குள் பறிகொடுத்ததை பஸ்ஸில் ஒருநாள் எனக்கு மட்டும் சொன்னான். சங்கத்தில் சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் அவன் கோப்பை கழுவும் கதையைக் கேட்டே எல்லோரும் "வசந்தன்தான் போகவேணும்" என்றார்கள். ஒருவனுடைய துன்பத்தைப் பார்த்தே பொறாமைப்பட்டவன் நான்!

ஒத்திகையில் என் முறை முதலில் வந்தது. எழும்பி வாயைத் திறந்தால், பனியும் எல்லையும் செத்துப்போன தம்பியும் என் கதையாக வருகின்றன. எனக்குத் தம்பியே கிடையாது. கிளைத் தலைவியான வெள்ளைக்கார அம்மா அழுது மூக்கைச் சீறினார்.

பின்வரிசையில் வசந்தன். குட்டை உடைக்கப் போகிறான் என்று அவன் பக்கம் திரும்பாமலே இருந்தேன். அவன் தன் முறை வந்ததும் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். வாசலில் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"ஏன்ரா நீ சொல்லேல்லை?"

"எனக்கு அதைச் சொல்ல வாய் வராது அண்ணை. நீங்களே போங்கோ. அவன்ரை கதை நாலு பேருக்குத் தெரியட்டும்."

அப்போதும் பொறாமை விட்டதா? விட்டுக்கொடுத்தவன் என்ற பெருமையும் இவனுக்கே போகிறதே என்று புழுங்கினேன்.

போனேன், சொன்னேன். பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியின் பெயரைக் கேட்டார். எனக்குத் தெரியாது. ரவி என்றேன். கவனமாக எழுதிக்கொண்டார்.

அந்த வருடம் மாலை வகுப்புகள் தப்பின. இன்று அந்தச் சங்கமே இல்லை. வசந்தன் அந்தக் கல்லூரித் தவணையோடு படிப்பை நிறுத்திவிட்டான். எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது. பனிக்குள் கிடக்கும் அந்தப் பையனின் பெயரை இனி நான் யாரிடம் போய்க் கேட்பது?