முதல் குழாய்

ஆய்வகத்தில் அவளுக்கு ‘ஜெல்லக்கா’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. பதினோரு வருஷமாக ஒரே மேஜை, ஒரே வேலை: அரிவாள் அணு நோய்க்கான மரபணுச் சோதனை. அந்த நோய் வந்தால் ரத்த அணுக்கள் அரிவாளாக வளைந்துபோகும், ஆயுசுக்கும் வலி.

கேட்பதற்குப் பெரிய வித்தை மாதிரி இருக்கும். உண்மையில் வெட்டுவதும் ஓடவிடுவதும்தான். டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட எழுத்து வரிசையைக் கண்டால் மட்டும் வெட்டுகிற நொதி ஒன்று உண்டு. நோயுள்ள மரபணுவில் அந்த இடம் மாறியிருக்கும். நொதி தொடாமல் போய்விடும். வெட்டியதை வழுவழுப்பான ஜெல் பாளத்தில் இட்டு மின்சாரம் கொடுத்தால் சின்னத் துண்டு முன்னால் ஓடும், பெரியது பின்தங்கும். கீழே இரண்டு பட்டை என்றால் ஆரோக்கியம். மேலே ஒரே பட்டை என்றால் நோய். மூன்றும் தெரிந்தால் நோயைச் சுமப்பவர், ஆனால் நோயாளி அல்ல.

கருவிலிருந்து எடுத்த மாதிரி வந்தால் அதற்குத்தான் முதல் குழாய். பெற்றவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள் அல்லவா! கடைசிக் குழாயில் ஜெல்லக்கா தன் டி.என்.ஏ.வையே போடுவாள். ஆரோக்கியமான அது வெட்டுப்பட்டால் நொதி வேலை செய்கிறது என்று அர்த்தம். “மத்தவங்களுக்கு முதல்ல, எனக்குக் கடைசில” என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கர்வமும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

நொதி கிளிசரினில் கலந்து வரும். கனமான சரக்கு, எல்லாக் குழாய்களுக்குமான கலவையில் விட்டதும் நேராக அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். விரலால் நாலு சுண்டு சுண்டிக் கலக்கிய பிறகுதான் குழாய்களுக்குப் பகிர வேண்டும். அந்தப் புதன்கிழமை சுண்டப் போகிற நேரம் பார்த்துத் தங்கச்சியின் போன் வந்தது. அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்ற பழைய சண்டை. கத்தித் தீர்த்துவிட்டு வந்தவள், சுண்டியாயிற்று என்ற நினைப்பில் மேலாக உறிஞ்சிப் பகிர்ந்தாள். முதல் குழாய்க்கு நொதி போகவே இல்லை.

சாயங்காலம் முதல் வரிசையில் மேலே ஒரே பட்டை. கடைசி வரிசையில் அவளுடையது அழகாக இரண்டு. பிறகென்ன சந்தேகம்? அறிக்கை போயிற்று. அந்தக் கர்ப்பிணி ஒரு தையல்காரி. புருஷனும் பெண்டாட்டியும் அழுது ஓய்ந்து, வெள்ளிக்கிழமை கருவைக் கலைத்துவிடுவது என்று முடிவுசெய்தார்கள்.

வியாழன் காலை படத்தைக் கோப்பில் ஒட்டும்போதுதான் ஜெல்லக்கா கவனித்தாள். முதல் வரிசையிலிருந்து மேல்பட்டை படிப்படியாக மங்கிக்கொண்டே போயிருந்தது. ஆறு வேறுவேறு ஆட்களின் டி.என்.ஏ. இப்படி வரிசை பிடித்து மங்காது. நொதி அடியில் தங்கி, கடைசிக் குழாய்களுக்குத்தான் போயிருக்கிறது. தலைமை மருத்துவரின் அறைக்கு ஓடினாள்.

“சார், அந்த ரிப்போர்ட்ட நிறுத்துங்க. நான் கலக்கல.”

“எதக் கலக்கல?”

“என்சைம. அது அடியில நின்னுடுச்சு சார். மொத டியூப்புக்குப் போகவே இல்ல.”

அவர் ஒரு வார்த்தை திட்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். அந்த மட்டில் நல்ல மனுஷர். அன்றைக்கே அவள் மறுபடி ஓட்டினாள். முதல் வரிசையில் மூன்று பட்டை. குழந்தைக்கு நோயில்லை. தையல்காரி போனில் அழுதது அறை முழுக்கக் கேட்டது.

தப்பித்தோம் என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஜெல்லக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கலக்காமல் விட்டது அவளுக்கே தெரியவில்லை, படம்தான் காட்டிக்கொடுத்தது. அப்படியென்றால் போன வருஷம்? அதற்கு முந்தி? பழைய பதிவேடுகளை எல்லாம் இறக்கினாள். முதல் குழாயில் கரு, ஜெல்லில் ஒற்றைப் பட்டை: மொத்தம் ஒன்பது. ஒன்பது மாதிரிகளின் மிச்சமும் உறைபெட்டியில் இருந்தது.

“தோண்டாதம்மா. போன உசுரு திரும்பவா போகுது?” என்றார் மருத்துவர்.

“தோண்டாம நாளைக்கு எப்படி சார் இந்த நாற்காலியில உக்காருவேன்?”

அவர் உறைபெட்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

மறுபடி ஓட்டியதில் எட்டு பழையபடியே வந்தன. ஒன்பதாவதில் மூன்று பட்டை. ஆறு வருஷத்துக்கு முந்திய தேதி. அப்பா செத்த நாலாம் நாள், வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வேலைக்கு வந்திருந்தாள். பட்டைகளைப் பார்த்தபடி அவள் வெகுநேரம் அழுதாள்.

நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தாள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அந்தத் தாயிடம் நானேதான் சொல்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பத்து நாள் கழித்து, மருத்துவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த எண்ணை அழுத்தினாள்.

“லேப்லேர்ந்தா? நல்லா இருக்கீங்களாம்மா?” அந்தப் பெண்ணின் குரலில் அத்தனை பிரியம். “அன்னிக்கு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லலேன்னா, பாவம், அது வாழ்நாள் பூரா வலியில துடிச்சிருக்கும். அத நெனச்சு நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கிட்டேன்.”

இருந்த ஒரு ஆறுதலையும் பிடுங்க வேண்டுமா என்று ஜெல்லக்கா தயங்கினாள். ஆனாலும் சொன்னாள். கலக்காமல் விட்டது, நொதி அடியில் நின்றது, தப்பு தன்னுடையது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

அந்தப் பக்கமிருந்து மெல்லிய குரலில் கேள்வி வந்தது.

“அது பையனா, பொண்ணா?”

“நாங்க அதப் பாக்கலம்மா” என்றாள் ஜெல்லக்கா.