சகாயராணியின் பத்து அட்டைகள்

சகாயராணியைப் பற்றிச் சொல்ல வந்தால் என் தவற்றையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும். வளர்ச்சி தாமதமான சின்னக் குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் சிறு அறக்கட்டளை ஒன்று ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. அங்கே அறிக்கைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. குழந்தைகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பது அவருடைய வேலை. நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன், அவர் பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பார்.

அவருக்கு வயது நாற்பத்தாறு. பொன்மலை ரயில்வே பணிமனைத் தொழிலாளியின் மகள். பள்ளிக்கூட ஆசிரியை ஆக ஆசைப்பட்டு, அது கைகூடாமல் இந்த வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. அவர் பொறுப்பில் பதினான்கு குழந்தைகள். உறையூரில் எட்டு, உப்பிலியபுரம் பக்கம் ஐந்து, பச்சைமலை மேலே ஒன்று. அந்த ஒன்றுக்காக வாரத்தில் ஒரு முழுநாள் போய்விடும். அந்தக் குழந்தைதான் பவித்ரா. அப்போது இரண்டரை வயதாகியும் சரியாகப் பேச்சு வரவில்லை. அம்மா காளியாயியும் அப்பா வீரமலையும் மரவள்ளி போட்டுப் பிழைப்பவர்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தைகளை அளந்து பார்ப்போம். பத்துப் பட அட்டைகளைக் காட்டினால் குழந்தை பெயர் சொல்ல வேண்டும். ஒரு பெயருக்கு ஒரு மதிப்பெண். ஏழு மதிப்பெண்ணைத் தாண்டிய குழந்தைக்கு வீட்டுப் பயிற்சி நிற்கும். அந்த இடம் காத்திருக்கும் இன்னொரு குழந்தைக்குப் போகும். நியாயமான விதிதான். அதை அம்மாக்களிடமும் சொல்ல வேண்டும் என்று மட்டும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஓர் அக்டோபரில் எங்கள் பொறுப்பாளர் பாஸ்கரன், "அளந்து நாமளே வச்சுக்கிட்டா எப்படி? பெத்தவங்களுக்கும் தெரியணும்ல, ஷேர் பண்ணுங்க" என்றார். பட்டியல் போட்டுக் கொடுத்தது நான். பார்க்க லட்சணமாக இருக்கட்டுமென்று அதிக மதிப்பெண்ணை மேலே வைத்து வரிசையாக அடுக்கினேன். கடைசியில் ஒரே ஒரு மதிப்பெண்ணோடு பவித்ரா. அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் சகாயராணி அதைப் போட்டார்.

நம் ஊரில் பெயருக்கு எதிரே ஓர் எண் இருந்தால் அது ரேங்க்தான். மறுநாளே டீச்சர் இல்லாத இன்னொரு குரூப் முளைத்தது. யாரோ ஓர் அம்மா அட்டைகளைப் போட்டோ எடுத்து அதில் போட்டுவிட்டார். அட்டைகளின் பின்பக்கம் எண் உண்டு. எப்போதும் அந்த வரிசையில்தான் காட்டுவோம். பிறகென்ன, வீட்டுக்கு வீடு டியூஷன். உறையூரில் ஓர் அப்பா படங்களை லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருந்தாராம். கேட்டபோது சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

ஏப்ரலில் பதினோரு குழந்தைகள் ஏழு மதிப்பெண்ணைத் தாண்டின. பவித்ராவுக்கு ஒன்பது. பாஸ்கரன் பூரித்துப்போய், சகாயராணியின் போட்டோவோடு நன்கொடையாளர்களுக்கு அறிக்கை அனுப்பினார். வாராவாரம் பார்க்கிற உங்களுக்குமா சந்தேகம் வரவில்லை என்று பின்னால் சகாயராணியிடம் கேட்டேன். "சந்தோஷம் கண்ண மறைச்சிருச்சுங்க" என்றார்.

விடைபெற்று வரலாம் என்று அடுத்த வாரம் மலைக்குப் போனார். பையில் அட்டைகள் கலைந்து கிடந்தன. ஆசைக்கு ஒரு தரம் கேட்போமே என்று மேலே இருந்ததை எடுத்துக் காட்டினார். படத்தில் இருந்தது குடை. பவித்ரா "பூனை" என்றாள். அடுத்தது மாம்பழம். "பந்து" என்றாள். எந்தப் படத்தைக் காட்டினாலும் பழைய வரிசை மாறாமல் பத்தையும் ஒப்பித்துவிட்டு, அம்மா கைதட்டுவாள் என்று திரும்பிப் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"அடிச்சுக் கிடிச்சு சொல்லித் தரலைங்க டீச்சர். தினம் சொல்ல வச்சேன், அவ்ளோதான். கடைசியில கெடக்குற புள்ளைக்கு எதுக்கு இவ்ளோ தூரம் வரணும்னு நிப்பாட்டிருவீங்களோன்னு பயந்துட்டேன்."

"மார்க் ஏறினாத்தாம்மா நிப்பாட்டுவாங்க. இன்னிக்கு நான் வந்ததே சொல்லிட்டுப் போகத்தான்."

காளியாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்தபோது தன் மேலேயே வெறுப்பாக இருந்தது என்று சகாயராணி சொன்னார். எனக்கு என் பட்டியல் ஞாபகம் வந்தது.

அட்டைகளைக் கலைத்துப்போட்டு எல்லாக் குழந்தைகளையும் திரும்ப அளந்தார். பதினொன்று மூன்றாகக் குறைந்தது.

"ரிப்போர்ட் போயாச்சு மேடம். போட்டோ வேற போட்டிருக்கோம்" என்று பாஸ்கரன் கெஞ்சினார்.

"என் போட்டோவ எடுத்துட்டு நம்பர மாத்தி அனுப்புங்க சார். இல்லேன்னா எட்டுப் புள்ளைங்க வீட்டுக்கு இனிமே யாரும் போக மாட்டாங்க. அதுக்கு யார் பதில் சொல்றது?"

பாஸ்கரன் கெட்டவர் அல்ல. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுத் திருத்தம் அனுப்பினார். அதிலிருந்து பட்டியல் குரூப்புக்குப் போவதில்லை. ஒவ்வோர் அம்மாவிடமும் அவரவர் குழந்தையின் மதிப்பெண்ணைத் தனியாக, விதியையும் சேர்த்து, சகாயராணியே சொல்கிறார். இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த அக்டோபரில் அளவு எடுக்க அவர் மலைக்குப் போனபோது பவித்ரா வாசலில் கோழியை விரட்டிக்கொண்டிருந்தாள். "கோழி, போ! தண்ணி கொட்டுது!" சகாயராணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் உள்ளே உட்காரவைத்து அட்டையைக் காட்டினால் குழந்தை வாயே திறக்கவில்லை. ஒவ்வோர் அட்டைக்கும் அம்மாவைப் பார்த்தாள். காளியாயி வேண்டாம் என்று லேசாகத் தலையாட்டினார்.

"புள்ளைக்கு ஒண்ணும் தெரியலைங்க டீச்சர். சைபர் போட்டுக்கங்க."

"வாசல்ல பேசினத நான் கேட்டேன்மா."

காளியாயி தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும்னு எழுதினா நீங்க வர மாட்டீங்கள்ல?"

வருவேன் என்று சகாயராணிக்கு வாய் வரை வந்துவிட்டது. அதைச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை.

"வர மாட்டேன்மா. வேற ஒரு புள்ளைகிட்டப் போவேன். அது இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசல."

காளியாயி மகளை இழுத்து மடியில் உட்காரவைத்து, "சொல்லு பாப்பா, தெரிஞ்சதச் சொல்லு" என்றார்.

பவித்ரா எட்டுச் சொன்னாள். சகாயராணி படிவத்தில் எட்டு என்று எழுதினார். அதற்கு என்ன அர்த்தம் என்று காளியாயிக்கு விளக்க வேண்டிய அவசியம் இந்த முறை இருக்கவில்லை.