எவ்வளவு வடிவு

வாசகரே, அன்று அந்த மண்டபத்தில் நீங்கள் இருக்கவில்லை. ஆயினும் உங்களையே சாட்சியாக அழைக்கிறேன்; இருந்தவர்கள் அனைவரும் சிரித்துவிட்டார்கள்.

ஆக்லாந்தில், நியூ லின்னில், தமிழ் விவாதப் போட்டியின் இறுதிச் சுற்று. வெல்பவருக்கு மெல்பேர்ன் செல்லும் அணியில் இடம். பழம்பொருள்கள் பிறந்த மண்ணுக்கே திரும்ப வேண்டும் என்பது என் கட்சி. மேடை ஏறுமுன் அம்மாவின் தோழி ஒருவர் என் கழுத்துப்பட்டியைச் சரிசெய்து, "வடிவாக் கதைச்சிட்டு வாடா தம்பி" என்றார்.

நான் காட்டியது ஒரு குதிரைக் கடிவாளத்தின் படம். மேற்குப் பாரசீகத்தின் லுரிஸ்தான் மலைகளில், ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெண்கலத்தில் வார்த்தது. குதிரையின் இரு கன்னங்களிலும் படியுமாறு, சிறகு முளைத்த இரண்டு மலையாடுகள். பின்னோக்கி வளைந்த கொம்பு சிறகின் நுனியைத் தொடும். ஆட்டின் விலாவைத் துளைத்துக்கொண்டுதான் வாய்க்கம்பி செல்கிறது. இறந்தவரின் தலைக்கடியில் வைத்துப் புதைத்ததாகச் சொல்வார்கள். எவர் தலை, எந்தக் குழி? களவாகத் தோண்டியவர்கள் விற்றார்களே தவிர இடத்தைச் சொல்லவில்லை.

"இடம் இழந்த பொருள் ஊமை" என்றேன். மண்டபம் அடங்கியது. அந்த அமைதியில் படத்தை உயர்த்தி, எழுதிவைக்காத ஒரு வாக்கியத்தைச் சொன்னேன்: "பாருங்கள், எவ்வளவு வடிவு!"

சென்னையிலிருந்து வந்து இங்கே குடியேறிய நடுவர் மணியை அடித்தார்.

"தம்பி, வடிவுன்னா உருவம். எவ்வளவு உருவம்னா என்ன அர்த்தம்? அழகுன்னு சொல்லுங்க. மேடையில வீட்டுப் பேச்சு வேணாம். கடிவாளம் குதிரைக்கு மட்டுமில்ல, வாய்க்கும் வேணும்."

அழகுடையவள் என்றே வடிவுடையம்மனைக் கும்பிடும் ஊரிலிருந்து வந்தவருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாதது அவர் குறை. அதை நான் மன்னித்திருப்பேன். சிரித்தவை எங்கள் யாழ்ப்பாணத்தவர் அமர்ந்திருந்த வரிசைகள். சேலை வடிவு, பிள்ளை வடிவு என்று நாள் முழுதும் சொல்பவர்கள். என்னை வடிவாகக் கதைக்கச் சொன்னவர் கைதட்டியே சிரித்தார். அப்பாவின் தோள்களும் குலுங்கின.

மொழித் தூய்மைக்கான புள்ளிகள் போயின. கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தால் போதும், எந்த நாடானால் என்ன என்று வாதிட்டவருக்கு மெல்பேர்ன் கிடைத்தது.

கிளென் ஈடனில் உள்ள வீட்டுக்குக் காரில் திரும்பும் வழியில் அப்பா சொன்னார்: "அழகு எண்டிருந்தா இடம் உனக்குத்தானேடா. ஒரேயொரு சொல்லாலதான் போச்சு."

"வீட்டில நீங்கள் என்னெண்டு சொல்லுறனீங்கள்?"

"வீடு வேற, மேடை வேற."

"அப்ப ஏன் சிரிச்சனீங்கள்?"

"எல்லாரும் சிரிச்சினம்."

மடியில் கிடந்த படத்தில் ஆடுகள் கம்பியால் துளைபட்டபடியே நிமிர்ந்து நின்றன. சிக்னலில் கார் நின்றது. மேடையில் பேசும் அதே குரலில் சொன்னேன்:

"அடுத்த முறையும் வடிவு எண்டுதான் சொல்லுவன், அப்பா. மணி அடிச்சா, திரும்பவும் சொல்லுவன்."