மலையூரின் பஸ் நிறுத்தம்

செஞ்சிப் பக்கத்து மலையூர் ஒன்றின் பாறை விளிம்பில், கீழே அடிவாரச் சாலையில் பஸ் வருகிறதா என்று பார்த்து நிற்கிறேன். பக்கத்தில், மல்லாட்டை என்று இங்கே சொல்லும் நிலக்கடலை மூட்டையோடு ஓர் அம்மாள். மலை ஏறுகிறவர்கள் அடிவாரத்தில் கிடக்கும் பனைமட்டைகளில் ஒன்றை மேலே கொண்டுவந்து போடுவது இந்த ஊர் வழக்கம். காலையில் நானும் எதற்கென்று தெரியாமலே ஒன்றைச் சுமந்து வந்தேன்.

தூரத்தில் புழுதி எழுகிறது.

"தோ, கடைசி பஸ்ஸு! ஜல்தியா உக்காருங்க சார்," என்று என் மட்டையையே என்னிடம் தள்ளுகிறார்.

"நான் நடந்தே எறங்கிடறேன்ம்மா."

"நடந்துக்கினு போனா நாளைக்கு பஸ்ஸதான் புடிப்பீங்க."

மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தன் மட்டையில் உட்கார்ந்து வழுவழுத்த சரிவில் விர்ரென்று சறுக்கிப் போய்விடுகிறார். கண்ணை மூடிக்கொண்டு நானும் கிளம்புகிறேன். பாதி வழியில் மட்டை என்னை விட்டுவிட்டு முன்னே போகிறது. மீதிப் பாறையை என் புதுக் கால்சட்டை பார்த்துக்கொள்கிறது.

எப்படியோ பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

"எடம் கீதே, உக்காருங்க சார்," என்று பக்கத்து இருக்கையைத் தட்டுகிறார் அந்த அம்மாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பரவாயில்லைம்மா," என்கிறேன். பின்பக்கத்தைப் பஸ்ஸின் தகரத்தோடு ஒட்டவைத்துக்கொண்டு, திண்டிவனம் வரை நின்றபடியே வருகிறேன்.