ஏழாவது சட்டை

தர்மராஜ் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்து, துண்டால் ஒரு சுற்று சுற்றிக்கொண்டுதான் செம்பருத்தி வரிசைக்குள் நுழைவார். காலை ஆறரை மணி இருக்கும். கழுத்தை மட்டும் நீட்டி, ஒவ்வொரு கிளைக்கும் அடியில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்ப்பார். கூட்டத்தில் சாமி தெரியாமல் எட்டிப் பார்க்கிறவரைப் போல இருக்கும்.

"கை சும்மா இருக்காது. தொடு தொடுன்னும். தொட்டா செத்துப்பூடும். அதான் கட்டி வெச்சிகினு போறேன்" என்பார்.

திருவிடந்தையைத் தாண்டி, கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது எங்கள் நர்சரி. நான் மண்ணும் எருவும் கலந்து பைகளில் நிரப்புகிறவள். உட்கார்ந்த இடத்திலிருந்தே செம்பருத்தி வரிசை முழுவதும் தெரியும்.

தர்மராஜ் இங்கே மருந்தடிக்க வந்தவர். பதினோரு வருடம் டேங்கை முதுகில் சுமந்தார். வாயில் ஒரு துண்டு, காலில் செருப்புகூட இல்லை. 2001 சித்திரையில் ஒருநாள் ரோஜாப் பாத்தியில் வாயில் நுரை தள்ளி விழுந்தார். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். "இன்னொரு தரம் மருந்து தொட்டா என்கிட்ட தூக்கிட்டு வராதீங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து வலது கை நடுங்குகிறது. டீக்கடையில் அவருக்கு அரை கிளாஸ்தான் ஊற்றுவார்கள். அதைக் குடித்த பிறகு மீதியை ஊற்றுவார்கள். சட்டைப் பொத்தான்களை வீட்டிலேயே மனைவி போட்டு அனுப்பிவிடுவார்.

டேங்கைத் தொடாமல் வேலையில் இருக்க அவர் கண்டுபிடித்த வழிதான் கும்பிடு பூச்சி.

"பதினோரு வருசம் பாத்துகினு தானே இருந்தேன். மருந்து அட்சா மொதல்ல இதுங்கதான் செத்து வுழும். புழு அப்பாலதான் சாவும். அப்போ புழுவத் துன்றது யாரு? இதான்!"

சவுக்குக் கிளையில் காய்ந்த சோப்பு நுரை போல ஒட்டியிருந்த முட்டைக்கூட்டை ஒடித்துக்கொண்டு வந்தார். ஒரு வெயில் நாளில் அதிலிருந்து எறும்பு அளவில் குஞ்சுகள் நூலில் தொங்குவது போல இறங்கின. நூற்று நாற்பதுக்கும் மேல். ஒரே டப்பாவில் விட்டார். மறுநாள் பாதிதான் இருந்தது. ஒன்றையொன்று தின்றுவிட்டன. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய், சுற்றுலாக்காரர்கள் போட்டுவிட்டுப் போன தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கி வந்தார். கழுத்தை அறுத்து, கொசுவலைத் துணி கட்டி, குஞ்சுக்கு ஒரு வீடு. அழுகின வாழைப்பழத்தில் மொய்க்கும் சின்ன ஈக்கள்தான் சாப்பாடு.

அவற்றின் வயதை அவர் சட்டையில்தான் சொல்வார். ஒவ்வொரு தடவை தோல் உரிப்பதும் ஒரு சட்டை. உரித்துப் போட்ட தோலைச் சோற்றுப் பருக்கையால் ஒரு அட்டையில் ஒட்டிவைத்திருக்கிறார். முதலாவது, கொசு நின்றது போல இருக்கும். ஐந்தாவதில் முட்கள்கூடத் தெரியும். கால், கொம்பு, கண்ணின் மூடி எல்லாம் அப்படியே இருக்கும். உள்ளே ஆள் மட்டும் இல்லை.

"இன்னா அண்ணாத்த, புள்ளைங்களுக்கு யூனிபாரம் தெச்சாச்சா?" என்று காசியம்மாள் சீண்டுவாள். அவள் தண்ணீர் பாய்ச்சுகிறவள்.

"அஞ்சாங்கிளாஸ் முட்ச்சிட்ச்சி காசிம்மா. உன்ன வுட ரெண்டு கிளாஸ் ஜாஸ்தி."

ஐந்தாவது சட்டை கழற்றியதும் செடிகளில் விட்டார். மிஞ்சியவை அறுபத்தொன்று.

சட்டை கழற்றும் நேரம்தான் ஆபத்து. அதற்கு முன்பே பூச்சி தின்பதை நிறுத்திவிடும். தலைகீழாகத் தொங்கும். முதுகில் ஒரு கீறல் விழும். அதன் வழியாக, ஈரமாக, வெளுத்துப்போய், மெல்ல மெல்ல நழுவி வெளியே வரும். அப்போது அதன் உடம்பில் கெட்டியும் இல்லை, பலமும் இல்லை. கீழே விழுந்தால் விழுந்த கோணத்திலேயே காய்ந்துவிடும். கடைசியான ஏழாவது சட்டை இன்னும் மோசம். சுருண்ட றெக்கை விரிந்து காயும்வரை காற்றுகூட உரசக் கூடாது என்பார்.

முதலாளி கோபாலகிருஷ்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் அறுநூறு செம்பருத்தி ஒரு ஓட்டலுக்குப் போக வேண்டும். இலைகளில் ஓட்டை இருந்தால் எடுக்க மாட்டார்கள். "புதன்கிழமை காலையில வந்து பாப்பேன். புது இலையில கடி இருந்தா நீயே டேங்கை மாட்டணும். முடியாதுன்னா உனக்கு இங்க வேலை இல்ல தர்மராஜ்" என்றார்.

அவர் நாள் குறித்த நேரம் சரியில்லை. திங்கட்கிழமையே பூச்சிகள் தின்பதை நிறுத்தியிருந்தன. ஏழாவது சட்டை. புழுக்கள் பயமில்லாமல் மேய்ந்தன. தர்மராஜ் செவ்வாய் முழுவதும் நடுங்கும் விரல்களால் புழுக்களைப் பொறுக்கினார். பாதி கீழே விழுந்து ஊர்ந்து போய்விட்டன.

புதன்கிழமை நான் வரும்போதே ஹோஸ் பைப் சத்தம் கேட்டது. முதலாளி வருகிற நாளில் இலைகளைக் கழுவிப் பளபளப்பாக்குவது எங்கள் வழக்கம். அண்ணாத்தைக்கு உதவி என்று நினைத்து, காசியம்மாள் அரை மணி முன்னதாகவே வந்து, பைப் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தாள். நாலு வரிசை முடிந்துவிட்டது.

தர்மராஜ் ஓடிப்போய் பைப்பைக் காலால் மிதித்து மடக்கினார். பைகளுக்கு நடுவில், ஈர மண்ணில், பாதிச் சட்டையோடு பூச்சிகள் கிடந்தன. சிலவற்றின் றெக்கை நனைந்த காகிதம் போல மடங்கியிருந்தது.

"எனக்குத் தெரியாதே அண்ணாத்த... பளபளன்னு இருந்தா சார் ஒண்ணும் சொல்ல மாட்டாருன்னு..." காசியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"வுடு. அழுவாத" என்றார் அவர். கையைக் கட்டியிருந்த துண்டு எங்கோ விழுந்திருந்தது.

ஜீப் வந்து நின்றது. முதலாளி ஐந்தாவது வரிசையில் மூன்று இலைகளைத் திருப்பினார். இரண்டில் ஓட்டை.

"டேங்கை மாட்டு."

டேங்க் மருந்து நிறைந்து வரிசை முனையில் நின்றது. மூடியைச் சுற்றிலும் அந்த வாடை. தர்மராஜ் குனிந்து, இடது தோளில் ஒரு பெல்ட்டை மாட்டித் தூக்கினார். இன்னொரு பெல்ட்டுக்குக் கை நீட்டியவர் அப்படியே நின்றார். முதலாளியின் முகத்துக்கு நேராக, ஒரு கிளையின் அடியில் ஒரு பூச்சி தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பு முழுதும் வெளியே வந்துவிட்டது. றெக்கை மட்டும் இரண்டு பச்சை மொட்டாகச் சுருண்டிருந்தது.

"இது செத்துப்போச்சா?" முதலாளி சுண்டிவிட விரலை மடக்கினார்.

தர்மராஜின் வலது கை முதலாளியின் மணிக்கட்டைப் பிடித்தது. தோளிலிருந்து பெல்ட் நழுவி, டேங்க் பொத்தென்று மண்ணில் விழுந்து சாய்ந்தது. தர்மராஜ் திரும்பியும் பார்க்கவில்லை.

"இருங்க சார். இப்பத்தான் விரியுது."

முதலாளி கையை இழுத்தார். வரவில்லை. பிடித்த கையின் நடுக்கத்தில் அவருடைய கைக்கடிகாரச் சங்கிலி கிலுகிலுவென்று ஒலித்துக்கொண்டே இருந்தது. பச்சை மொட்டு நெல்மணி அளவு நீண்டது, பிறகு விரல் நகம் அளவு. தர்மராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். கையை விடவில்லை.